கடற்புழுக்களின் மாட்சி

உலக வழக்கில் 'புழு' என்னுஞ் சொல் இழிவுப் பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றது. ஒருவனைத் தாழ்த்திக் கூற விரும்புவோர் அவனைப் புழுவென்பர்; பண்டம் கெட்டழிந்தால் புழுத்துப்போயிற்று என்பர். ஆயினும், மழை பெய்து ஓய்ந்த வைகறையில் திருமுல்லைவாயிலின் தோட்டங்களிலும் ஏரிக்கரைகளிலும் சிறு மண்ணுருண்டைகளைக் குவித்துச் செல்லும் மண்புழு உழவனின் தோழன் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். சார்லஸ் டார்வின் என்னும் பேரறிஞர் 1881-ஆம் ஆண்டில் மண்புழுக்களைப் பற்றியே தனி நூலொன்று வெளியிட்டு, அவை நிலத்தைப் பண்படுத்தும் திறத்தை உலகறியச் செய்தார். இம்மண்புழுவின் சுற்றம் கடலினுள்ளே பல்லாயிரமாகப் பெருகி வாழ்கின்றது. அச்சுற்றம் நிலப்புழுவினும் அழகிற் சிறந்தது. தொழிலிலும் அதற்குக் குறைந்ததன்று. அதன் இயல்பினையும், அது நமக்குச் செய்துவரும் உதவியினையும், அதற்கு இன்று நேர்ந்துள்ள இடுக்கணையும் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

திருமுல்லைவாயில் கடற்கரையூர் அன்று. எனினும், அதற்கும் கடலுக்கும் தொடர்பில்லை என்றல் பொருந்தாது. ஊருக்குத் தெற்கே கூவமும் வடக்கே கொசத்தலையாறும் கிழக்கு நோக்கிச் செல்கின்றன. கூவம் சென்னை நகரின் நடுவே சென்று கடலிற் கலக்கின்றது. கொசத்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தை அடைகின்றது. நம்மூர்ப் புகைவண்டி நிலையத்தில் ஏறிச் சென்னை சேர்ந்து, அங்கிருந்து கும்மிடிப்பூண்டிப் பாதையிற் செல்லும் வண்டியில் மாறி அமர்ந்தால் எண்ணூரை எளிதில் அடையலாம். கடல்நீர் வற்றிய வேளையில் அக்கழியின் சேற்றில் ஒரு பிடியை அள்ளி, கழிநீராலேயே மெல்ல அலசி, வெள்ளைத் தட்டொன்றில் இட்டு உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குக. வெறுஞ்சேறு என்று நாம் எண்ணியது உயிர்கள் நிறைந்த ஒரு பேரூர் என்பது அப்போது விளங்கும்.

உருவ அமைப்பு

கடற்புழுக்களுட் பெரும்பாலனவற்றை விலங்கு நூலார் 'பாலிக்கீட்டா' என்பர். 'பல மயிர்களையுடையன' என்பது அதன் பொருள். ஆதலின் தமிழில் இவற்றைப் பலமயிர்ப் புழுக்கள் எனல் தகும். இதுகாறும் விவரிக்கப்பட்ட இனங்கள் 10,000-க்கு மேற்பட்டன. கண்ணுக்குப் புலனாகாத அளவிற் சிறியனவும், ஏறக்குறைய 3 மீட்டர் நீளம் வளர்வனவும் இவற்றுள் உள.

மண்புழுவைப் போன்றே இவற்றின் உடலும் வளையங்களை அடுக்கினாற்போன்ற கண்டங்களால் ஆயது. மண்புழுவுக்கு ஒவ்வொரு கண்டத்திலும் சில சிறு மயிர்களே உண்டு. கடற்புழுவுக்கோ கண்டந்தோறும் இருபுறத்தும் தட்டையான சதைத் துடுப்புக்கள் அமைந்து, அவற்றினின்று மயிர்க்கற்றைகள் புறப்படுகின்றன. இம்மயிர்கள் நம் தலைமயிரைப் போல்வன அல்ல; பூச்சிகளின் மேலோட்டிற் காணப்படும் கைட்டின் என்னும் பொருளால் ஆயவை. சில ஊசி போலும், சில கொக்கி போலும், சில அரிவாள் போலும் இருக்கும். இனத்திற்கு இனம் இவை வேறுபடுதலின், ஒரு புழுவின் பெயரைத் துணிதற்கு அறிஞர் முதற்கண் அதன் மயிரையே நுண்பெருக்கியில் வைத்து நோக்குவர்.

துடுப்புக்களின் பயன் பல. நடக்குங்கால் அவை கால். நீந்துங்கால் துழாவு கோல். பல இனங்களில் மூச்சுக்கு உதவும் செவுளும் அவையே. தலையில் கண்களும் உணர்கொம்புகளும் உண்டு. இரை தேடும் இனங்கள் தம் தொண்டையைக் கையுறையைப் புறம் திருப்புமாறுபோல் வெளியே நீட்டி, அதன் நுனியிலுள்ள தாடைகளாற் பற்றும். நெரியிஸ் என்னும் இனத்தின் தாடையில் துத்தநாகமும், கிளிசெரா என்னும் இனத்தின் தாடையிற் செம்பும் கலந்திருத்தலை அறிஞர் ஆராய்ந்து கண்டனர். கொல்லன் உலையின்றியே கடல்நீரினின்று உலோகத்தைத் திரட்டித் தன் பல்லை வலுப்படுத்திக் கொள்ளும் புழுவைக் கருதுங்கால் வியப்புறாதார் யாவர்? குருதியின் நிறமும் வேறுபடும். பலவற்றிற்கு நம்மைப் போலவே செங்குருதி. குழாயில் வாழும் சிலவற்றிற்கோ பச்சைக் குருதி.

உறையுளும் ஊணும்

பலமயிர்ப் புழுக்களுள் திரிந்து வாழ்வன ஒருசாரன. ஓரிடத்தே தங்கி வாழ்வன மற்றொருசாரன. தங்கி வாழ்வன பலவும் வீடு கட்டுவதில் வல்லன. டையோபேட்ரா என்னும் புழு, தோல் போன்ற குழாய் ஒன்றை மணலுள் அமைத்து, மணலுக்கு மேலே நீண்ட பகுதியில் கிளிஞ்சற்றுண்டுகளையும் பாசியையும் ஒட்டிவைக்கும். நம் கடற்கரை மணலிலும் இத்தகைய குழாய்களைக் காணலாம்; குப்பை என்றெண்ணி மிதித்துச் செல்வாரே பலர். வேறு சில புழுக்கள் கடல்நீரிலுள்ள சுண்ணத்தைத் திரட்டி வெண்ணிறக் கற்குழாய் அமைக்கும். கப்பலின் அடியிலும் துறைமுகத் தூண்களிலும் இவை கொட்டலசுகளோடு கூடி ஒட்டிக்கொள்ளுதலாற் கப்பலின் வேகம் குறைந்து எரிபொருட் செலவு மிகும். பவளப்பாறையிற் குழாய் அமைத்து வாழும் ஒருவகைப் புழு, தலையில் இரண்டு சுருள்வட்டப் பூங்கொத்துக்களை விரித்திருக்கும். நீலமும் மஞ்சளும் செம்மையுமாக ஒளிரும் அப்பூங்கொத்து உண்மையில் அதன் செவுளும் உணவு வலையுமேயாம். நிழல் பட்டவுடன் அஃது இமைப்பொழுதில் உள்ளே மறையும்.

கீட்டோப்டெரஸ் என்னும் புழுவின் செயல் இவற்றினும் விந்தையானது. தாள் போன்ற வளைகுழாயில் வாழும் இது, விசிறி போன்ற உறுப்புக்களால் நீரைக் குழாயினுள் இழுத்து, தன் கோழையாலாகிய நுண்பையில் வடிகட்டி, பை நிரம்பியதும் அதனை உருட்டி விழுங்கிவிடும். இருளில் நீலவொளி வீசுதலும் இதற்கு இயல்பு. வாழ்நாள் முழுதும் குழாயைவிட்டு வெளியேறாத இதற்கு அவ்வொளி யாது பயன் தருகின்றது என்பது அறிஞரால் இன்றும் ஆராயப்படுவதாகும்.

அழகோடு ஆபத்தும் சில இனங்களில் உண்டு. 'கடலெலி' எனப்படும் அஃப்ரோடிட்டாவின் மயிர்கள் மயிற்பீலியைப்போல் நிறம் மாறி மின்னும். மயிரின் உள்ளமைப்பு ஒளியைப் பிரித்து எறிதலாலன்றி, சாயப்பொருளால் அந்நிறம் உண்டாவதன்று. தீப்புழு எனப்படுவனவற்றின் வெண்மயிர்களோ தொட்டவுடன் முறிந்து தோலிற் புகுந்து, நெருப்புப் பட்டாற்போல் எரிச்சல் விளைக்கும். ஆகலின் அறியாத புழுவை வெறுங்கையால் எடுத்தல் ஆகாது.

பிறப்பும் பெருக்கமும்

பல இனங்களின் முட்டையினின்று வெளிவருவது புழுவன்று. பம்பரம் போன்ற வடிவுடைய நுண்குஞ்சாம். இடையில் நுண்மயிர்ப் பட்டிகை சூழ, அது சுழன்று சுழன்று நீரில் மிதந்து செல்லும். தாய் சேற்றைவிட்டு நீங்காதாயினும், சேய் நீரோட்டத்தோடு தொலைதூரம் சென்று குடியேறுதல் இதனால் இயல்கின்றது.

சில இனங்கள் இனப்பெருக்கக் காலத்தில் உருவமே மாறுவன. கண்கள் பெருக்கும்; துடுப்புக்கள் அகலும்; அதுவரை வளையில் ஒடுங்கியிருந்த புழு நீர்ப்பரப்பிற்கு எழுந்து நீந்தும். பசிபிக் மாகடலிலுள்ள சமோவாத் தீவில் 'பலோலோ' எனப்படும் புழு, அக்டோபர், நவம்பர் மாதங்களில் திங்களின் நாற்கூற்றில் இறுதிக் கூறு தொடங்கும் நாளையொட்டி, தன் பின்னுடற் பகுதியைத் தனியே அறுத்து மேலே அனுப்பும். முட்டையும் விந்தும் நிறைந்த அப்பகுதிகள் விடியுமுன் கடற்பரப்பை மூடிவிடும். தீவினர் படகேறிச் சென்று அவற்றை வாரி வந்து விருந்தயர்வர். தலையோடு கூடிய முன்பகுதியோ பாறைக்குள் நலமாக இருந்து, இழந்த உடலை மீட்டும் வளர்த்துக்கொள்ளும். பஞ்சாங்கம் பாராமலே திங்களின் கலையை இப்புழு அறியும் திறம் போற்றத்தக்கது.

இன்னும் ஒரு விந்தை கேண்மின். 'சேலஞ்சர்' என்னும் ஆங்கிலக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்து வந்தது. அப்பயணத்திற் கிடைத்த கடற்பஞ்சு ஒன்றனுள், மரக்கிளை போல் உடல் பலவாகப் பிரிந்த புழுவொன்று காணப்பட்டது. அதனை மக்கின்டாஷ் என்னும் அறிஞர் 1879-இல் விவரித்தார். தலை ஒன்று, வாலோ பற்பல! அதன் உறவினமான மற்றொரு கிளைப்புழு ஆஸ்திரேலியக் கடலில் அகப்பட்டு 2012-இல் பெயர் பெற்றது.

அயல்வாழ் உயிர்கள்

முதுகெலும்பில்லாக் கடலுயிர்கள் இப்புழுக்களோடு முடிவன அல்ல. மலர்போல் விரிந்து மீனைக் கொட்டிப் பிடிக்கும் கடற்சாமந்தி, அதன் உறவாகிய பவளவுயிர், நீர்க்குழாய்களால் இயங்கும் நூற்றுக்கணக்கான சிறு கால்களையுடைய நட்சத்திர மீன், அதன் இனத்தைச் சேர்ந்த கடலட்டை எனப் பல உள. இவற்றை ஒருங்கே காண்டற்கு இராமேசுவரத்தை அடுத்த மன்னார் வளைகுடாவினும் சிறந்த இடம் நம் நாட்டிற் காண்டல் அரிது. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையுயிர்களைப் பற்றிச் சென்னை அரசாங்கக் காட்சிசாலை 1927-இல் தனி வெளியீடு ஒன்று பதிப்பித்தது. அத்தீவின் மணலில் பாலனோகிளாசஸ் என்னும் புழுவடிவான உயிர் ஒன்று வாழ்கின்றது. தோற்றத்தாற் புழுவாயினும் பிறப்பாற் புழுவன்று. தொண்டையில் மீனைப்போற் செவுட்பிளவுகளையுடைய அது, முதுகெலும்புடைய நம்மினத்திற்கு அணிய உறவாகும். நட்சத்திர மீனும் அவ்வாறே நமக்கு மண்புழுவினும் நெருங்கிய சுற்றம் என்பதைக் கரு வளர்ச்சி காட்டுகின்றது. உருவத்தைக் கொண்டு உறவைத் துணிதல் எத்துணைத் தவறு என்பதற்கு இவையே சான்று.

நம் நாட்டில் ஆராய்ச்சி

இலங்கைக் கடலின் முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய்ந்த பேராசிரியர் ஹெர்ட்மன் திரட்டிய பலமயிர்ப் புழுக்களைக் குறித்து ஆர்தர் வில்லி 1905-இல் எழுதினார். ஒரிசாவின் சிலிகா ஏரியிற் கிடைத்த புழுக்களை ரோலண்ட் சதர்ன் 1921-இல் விவரித்தார். அவற்றுள் ஒன்றிற்கு 'மார்ஃபைசா கிரேவ்லியை' என்று பெயர். கல்கத்தாக் காட்சிசாலையிற் பணியாற்றிப் பின்னர்ச் சென்னைக் காட்சிசாலையின் தலைவராய் விளங்கிய கிரேவ்லி என்பாரின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. உவர்நீரில் வாழும் அவ்வினத்தின் வளர்ச்சியையும் இனப்பெருக்க முறையையும் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோபாலையர் நுணுகி ஆராய்ந்து 1931-இல் வெளியிட்டார். இந்தியப் பலமயிர்ப் புழுக்கள் அனைத்தையும் தொகுத்துரைக்கும் பெருநூலைப் பிரெஞ்சு அறிஞர் ஃபோவெல் 1953-இல் அளித்தார். இந்தியாவிற் கிடைத்த மார்ஃபைசா இனமொன்று புதியதெனத் துணியப்பெற்று, 2020-இல் 'மார்ஃபைசா மதராசி' என்று நம் நகரின் பழம்பெயரையே தாங்கிற்று. காலடிச் சேற்றிலும் பெயரறியா உயிர்கள் இன்னும் உள என்பது இதனாற் பெறப்படும்.

புழுக்களாற் பெறும் பயன்

கழியின் சேற்றை ஒரு சாண் தோண்டினால் கருநிறமும் தீநாற்றமும் தோன்றும். அவ்வாழத்திற் காற்று இன்மையே காரணம். புழுக்கள் வளை தோண்டி, உடலை அலைத்து நீரை உள்ளே செலுத்துதலால் அச்சேற்றினுட் பிராணவாயு சேர்கின்றது. வளையைச் சூழ்ந்த கருமண் செந்நிறம் எய்துகின்றது. மட்கிய இலையும் அழுகிய உடலும் புழுவின் குடலிற் புகுந்து மீண்டும் உரமாகின்றன. நிலத்தில் மண்புழு செய்யும் உழவுத்தொழிலையே கடலடியில் இவை செய்கின்றன எனல் மிகையன்று. இப்புழுக்களை இறாலும் நண்டும் கெளுத்தியும் உண்கின்றன. குளிர்காலத்தில் வடநாடுகளினின்று வரும் உள்ளான் முதலிய பறவைகள் நீண்ட அலகாற் குத்தியெடுத்து உண்கின்றன. ஆகவே செம்படவர் வலையில் விழும் மீனுக்கு அடிமுதல் இச்சேற்றுப்புழுவே.

உழவர்க்கும் இவற்றால் எதிர்பாராத உதவியொன்று கிடைத்தது. தூண்டிலுக்குப் பயன்படும் கடற்புழுவை மொய்த்த ஈக்கள் இறந்து வீழ்தலை ஜப்பானியர் கண்டனர். அந்நஞ்சை நிட்டா என்னும் அறிஞர் 1934-இல் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பைப் பின்பற்றி ஆக்கப்பட்ட 'கார்டாப்' என்னும் மருந்து 1967 முதல் விற்பனைக்கு வந்தது; நெற்பயிரின் தண்டு துளைப்பானைக் கொல்ல நம் நாட்டினரும் அதனைத் தெளிக்கின்றனர். இனி, அரெனிகோலா என்னும் மணற்புழுவின் குருதிச் செம்பொருள் நம் குருதியினும் பன்மடங்கு மிகுதியான பிராணவாயுவைத் தாங்க வல்லது. மாற்றிப் பொருத்துதற்கு எடுத்த சிறுநீரகம் முதலிய உறுப்புக்களைக் கெடாது காக்க அதனைப் பயன்படுத்தும் முறையைப் பிரெஞ்சு நாட்டார் கண்டுள்ளனர்.

ஆழ்கடலின் செய்தி இவற்றினும் பெரிது. 1977-இல் கலாப்பகோஸ் தீவுகளுக்கு அருகே, கதிரவன் ஒளி புகாத ஆழத்தில், வெந்நீர் ஊற்றுக்களைச் சூழ்ந்து உயிர்க்கூட்டங்கள் செழித்திருத்தலை ஆராய்ச்சியாளர் கண்டனர். அங்கே 2 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் குழாய்ப் புழுக்களுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அவற்றின் உடலில் வாழும் நுண்ணுயிர்கள் கந்தகச் சேர்மங்களைக் கொண்டு உணவாக்கி அவற்றை ஊட்டுகின்றன. எல்லா உயிர்க்கும் ஞாயிற்றின் ஒளியே உணவுக்கு முதல் என்றிருந்த கருத்தை ஒரு புழு திருத்தியமைத்தது.

நேர்ந்துள்ள இடுக்கண்

இத்துணைப் பயனுடைய உயிர்களுக்கு நம் கரையில் நேர்ந்துள்ள நிலை வருந்தத்தக்கது. எண்ணூர்க் கழியில் அனல் மின் நிலையச் சாம்பல் பல்லாண்டுகளாகப் படிந்து சேற்றை மூடி வந்துள்ளது. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்தருகே கப்பல்கள் இரண்டு மோதியதால் எண்ணெய் கசிந்து கரையெங்கும் பரவிற்று. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழியினுள்ளேயே புகுந்தது; படகும் வலையும் கறைபட, செம்படவர் பிழைப்பிழந்து தவித்தனர். மீன் நீந்தித் தப்பலாம். பறவை பறந்து தப்பலாம். வளையே உலகாக வாழும் புழு எங்கே செல்லும்? மாசு மிக்க சேற்றிற் பலவகைப் புழுக்களும் அழிந்து, கேப்பிடெல்லா போன்ற ஓரிரு வகையே அளவிறந்து பெருகும். ஆகையால் ஒரு கழியின் நலத்தை அறிய விரும்புவோர், மருத்துவன் நாடி பார்க்குமாறுபோல், அதன் புழுக்களை எண்ணிப் பார்க்கின்றனர்.

மற்றோர் இடுக்கண் வாணிகத்தால் வந்தது. இறால் பொரிப்பகங்களில் தாயிறால் சினை முதிர்தற்கு இப்புழு சிறந்த உணவாகும். ஆதலின் கழிகளிலும் பழவேற்காடு ஏரியிலும் சேற்றைக் கிளறிப் புழுவை அள்ளி விற்போர் தோன்றினர். தம் மீன்வளம் குன்றும் என்று அங்குள்ள மீனவர் இதனை எதிர்த்து வருகின்றனர். புழு பொறுக்குவோரும் வறியோரே. அவர்க்கு அன்றாடக் கூலி. மீனவர்க்கோ நாளைய உணவு. இருவரையும் ஒருங்கே காக்கும் வழி புழுவைப் பண்ணையில் வளர்த்தலே. இதனால் இறாலுக்கும் நன்மையுண்டு. கழிப்புழுக்கள் இறாலின் வெண்புள்ளி நோய் நச்சுயிரைச் சுமந்து செல்லக்கூடும் என்பதை நம் நாட்டு ஆராய்ச்சியாளர் 2005-இல் எடுத்துக்காட்டியுள்ளனர்.

மாணவர் செய்யத்தக்கது

இவற்றைக் காண விரும்பும் மாணவர்க்குச் சில கூறி அமைவாம். கடல்நீர் வற்றும் நேரத்தை அறிந்து செல்க. புரட்டிய கல்லை மீண்டும் இருந்தவாறே வைத்திடுக. கல்லின் அடியிலுள்ள உயிர்க்கு அதுவே கூரை. கண்டதை வரைந்துகொண்டு உயிரை அதனிடத்திலேயே விடுக. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுதலின், பவளத்தையும் கடலட்டையையும் எடுத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது என்பதையும் மறவற்க.

புலியையும் யானையையும் காக்க வேண்டும் என்பார் பலர். புழுவைக் காக்க வேண்டும் என்பார் மிகச் சிலர். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது பழமொழி. கடலடியை உழுது, மீனை ஊட்டி, மீனவர் அடுப்பை எரியச் செய்யும் புழுவோ துரும்பினும் எத்துணையோ மேம்பட்டது. அதன் பெயரையும் தொழிலையும் அறிந்தவர் பெருகினால், கழியிற் சாம்பலும் எண்ணெயும் கலக்குங்கால் 'யாருக்கு என்ன கேடு?' என்று வாளா இருப்பவர் குறைவர். அறிவு பெருகுக, அதன் வழியே அருளும் பெருகுக.